பதினான்கு பெயர்களும் ஓரத்துக் குறிப்புகளும்

சாவித்திரி வேன் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டது சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. பதினொன்றேகாலுக்கு வடிவிடமிருந்து போன் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தவளுக்கு, வடிவின் மகள் பெயர் பட்டியலில் இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. என்ன சமாதானம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"மேடம், என் பொண்ணுக்கு வலிப்பு வரும்னு நரேலா பூரா தமுக்கடிக்கணும்னு உங்களுக்கு என்னா ஆசை?"

சாவித்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லலியே வடிவு."

"செவுத்துல ஒட்டியிருக்குது. உங்க பேரு போட்டு எழுதியிருக்குது. கீழ வந்தவன் போனவன் எல்லாம் நின்னு படிக்கிறான்."

"எந்தச் சுவர்? நான் பட்டியல் மட்டும்தானே அனுப்பினேன்? பதினாலு பேர். அவ்வளவுதான் அதுல இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். அது என் தப்புதான்." வடிவு போனை வைத்துவிட்டாள்.

சாவித்திரி தில்லியில் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருபது வருஷமாக இருக்கிறாள். தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் யமுனைத் தமிழர் நற்பணி மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிக்கப்பட்டு, ஃபிளாட் கிடைத்தவர்கள் நரேலாவுக்குப் போனபோது, பிள்ளைகளின் படிப்புதான் பெரிய சிக்கலாக நின்றது. மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வர வேண்டும். மன்றம் ஒரு வேன் ஏற்பாடு செய்தது. இடம் பதினான்கு. விண்ணப்பம் முப்பத்தொன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நரேலாவில் மாடிப்படியில் உட்கார்ந்து சாவித்திரிதான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நிரப்பினாள். 'உடல்நலம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது வடிவு மாடிப்படியின் மேலும் கீழும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, முத்துமாரிக்கு மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாள், ஸ்கூல் டீச்சருக்குத் தெரியும், இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது என்றாள். "யாருக்கும் போகாது" என்று சாவித்திரி அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

இப்போது போனில் ஃபைலைத் திறந்து பார்த்தாள். தலைப்பு, பதினான்கு பெயர்கள், வகுப்பு, ஏறும் இடம். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். வலிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. வடிவுக்கு யாரோ ஏதோ சொல்லிக் கலைத்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடுதான் குழுவைத் திறந்தாள்.

குழுவில் ஒரு போட்டோ வந்து கிடந்தது. நரேலாவில் குடியிருக்கும் விஜயன் என்பவர் போட்டிருந்தார். நல்ல மனுஷன். போன் இல்லாத வீட்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்று பட்டியலை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய்ப் பிரிண்ட் போட்டு, கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில் ஒட்டி, ஒட்டியதைப் படமும் எடுத்து அனுப்பியிருந்தார்.

காகிதத்தின் இடது பாதியில் பட்டியல். வலது ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். பட்டியலில் எட்டாவது பெயர் முத்துமாரி; அதன் மேல் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் விஜயனின் மகள் சாந்தகுமாரியின் பெயர், அடிக்கோட்டுடன். அங்கிருந்து ஒரு புள்ளிக்கோடு ஓரத்துப் பெட்டிக்குப் போனது.

சாவித்திரி: வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

ஜகந்நாதன்: வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? எதற்கு வம்பு. அடுத்த பெயரைப் போடுங்கள்.

சாவித்திரி: சரி சார்.

சாவித்திரி அந்தக் கடைசி இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் தட்டியது. தட்டியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப் வந்திருந்தது.

குழுவில் போட்ட ஃபைலை முதலில் எல்லோருக்குமாக அழித்தாள். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று வந்தது. அதற்கு முன்பே ஐம்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள். எத்தனை போனில் இறங்கியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? விஜயனைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல், "ஏன் மேடம், பேரு தப்பா?" என்றார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் மகள் பெயர் வரும் இடம் வரை படித்துவிட்டுச் சந்தோஷமாகப் பசை தடவியிருக்கிறார்.

அடுத்து ஜகந்நாதன். மன்றத்தின் தலைவர், ஓய்வு பெற்ற அண்டர் செக்ரட்டரி. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்னு ஒரு வரி போட்டு விடுங்க சாவித்திரி. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றார்.

"சார், கோளாறு இல்ல. நாமதான் எழுதினோம்."

"எழுதினது நமக்குள்ள. அது எப்படி வெளிய போச்சு? நீங்கதானே கிளீன் காப்பி அனுப்பறேன்னு சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். வெள்ளிக்கிழமை அவளுடைய போனிலும் சிவப்புக் கோடும் பெட்டியுமாகத்தான் ஃபைல் தெரிந்தது. எங்கெங்கோ தட்டிப் பார்த்து 'நோ மார்க்கப்' என்று ஒன்றைக் கண்டுபிடித்து அதை அழுத்தியதும், துடைத்துவிட்டாற்போல் எல்லாம் மறைந்தது. அப்பாடா என்று சேமித்து வைத்தாள்.

மகள் அபூர்வாவைக் கூப்பிட்டாள். அவள் குருகிராமில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். சனிக்கிழமையும் ஏதோ மீட்டிங்.

"மா, சுனோ. நோ மார்க்கப்னா உன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஃபைலுக்குள்ள சப்குச், எல்லாமே அப்படியே இருக்கும். வேற கம்ப்யூட்டர்ல ஓபன் பண்ணா எல்லாம் வந்துடும். பிரிண்ட்லயும் வரும்."

"இதை யாராவது எனக்குச் சொல்ல வேண்டாமா?"

"அம்மா, யார் சொல்லுவா? நான் மீட்டிங்ல இருக்கேன். லேப்டாப்ல போட்டா டாக்குமெண்டை இன்ஸ்பெக்ட் பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அது எல்லாத்தையும் எடுத்துடும்."

"லேப்டாப் ஆபீஸ்ல இருக்கு. இன்னிக்கு லீவு. என்கிட்ட இருக்கறது போன்தான்."

"தென் ஒண்ணு ஒண்ணா டெலீட் பண்ணு. சேஞ்ச் எல்லாத்தையும் அக்செப்ட் பண்ணு. பண்ணிட்டு எனக்கு அனுப்பு, நான் பாக்கறேன்."

சாவித்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். மறைத்து வைத்திருந்ததைத் திரும்பத் தெரிய வைத்ததும் குறிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பதினொன்று இருந்தன. தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது எழுதியவை; இப்போது நரேலா சுவரில் வாசித்தவர்களின் கண்ணால் படிக்க வேண்டியிருந்தது. 'அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்வி.' 'ஃபெயில் ஆனவன்.' ஆறாவது பெயருக்கு எதிரே, 'அப்பா காத்தவராயன் குடிப்பவர், பையனை நேரத்துக்கு அனுப்புவாரா?' இது ஜகந்நாதன். அதற்குக் கீழே அவளே, 'பையன் நன்றாகப் படிக்கிறான், கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தாள். நல்லதுதான் எழுதியிருக்கிறேன் என்று ஒரு நொடி ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஒவ்வொரு பெட்டியையும் விரலால் அழுத்தினால் பாதி நேரம் குறிப்புக்குப் பதில் பெயர் தேர்வானது. ஒருமுறை நான்காவது பெயரே அழிந்துபோய், அதைத் திரும்பக் கொண்டுவரப் போனால் அழித்த மூன்று குறிப்புகளும் சேர்ந்து திரும்பி வந்தன. 'அக்செப்ட்' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. காலை வணக்கப் படங்களாக நூற்றுக்கணக்கில் அழித்தாள். ஒருவழியாக முடித்து அபூர்வாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"கமெண்ட்ஸ் போயிடுச்சு. பட் ப்ராப்பர்ட்டீஸ்ல ஜகந்நாதன் அங்கிள் பேர், அவர் பழைய ஆபீஸ் செக்‌ஷன் பேர், லாஸ்ட்டா எடிட் பண்ணினது நீன்னு எல்லாம் இருக்கு. அங்கிள் ஆபீஸ் ஃபார்மட்டையே யூஸ் பண்ணியிருக்கார் போல."

"அதை எடுக்க போன்ல என்ன வழி?"

"ஏதாவது ஆப் இருக்கும் மா."

இருந்தது. 'உங்கள் ஆவணத்தில் மறைந்திருக்கும் தகவல்களை நீக்குங்கள்' என்று பெரிதாகப் போட்ட ஒரு இலவச ஆப். நிறுவித் திறந்ததும் அது முதலில் அவளுடைய தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. பிறகு போட்டோக்கள். பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்ற விவரம். வேண்டாம் என்று ஒவ்வொன்றையும் மறுத்ததும், அனுமதி தந்தால்தான் வேலை செய்வேன் என்று மூடிக்கொண்டது.

"போடா!" என்று சாவித்திரி வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் கேட்க யாரும் இல்லை.

அந்த ஆப்பைத் தூக்கிவிட்டு, ஒரு தாளில் பதினான்கு பெயர்களையும் கையால் எழுதிப் பார்த்தாள். ஏழு வரை எழுதினாள். எட்டாவது இடத்தில் பேனா நின்றது. யாருடைய பெயரை எழுதுவது? பெயர்களை வெறும் செய்தியாகவே குழுவில் தட்டியிருக்கலாம். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஓரமும் இருந்திருக்காது, பெட்டியும் இருந்திருக்காது. ஆனால் கிளீன் காப்பி எப்படி எடுப்பது என்பதல்ல இப்போதைய கேள்வி. முத்துமாரியின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்களே, அது எந்தப் பிரதியில் சரியாகும்?

புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, சமய்பூர் பாத்லி வரை போய், அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி ஒரு இ-ரிக்‌ஷா பிடித்து நரேலா ஃபிளாட்டுகளை அடைந்தபோது மூன்று மணி ஆகிவிட்டது. ஜூலை வெயிலில் கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரி நின்றன. விஜயனின் கட்டடத்தின் கீழ்ச் சுவரில் பசையின் சதுரமும் காகிதத்தின் நான்கு மூலைகளும் மட்டும் ஒட்டியிருந்தன. யாரோ கிழித்திருந்தார்கள்.

மூன்றாவது மாடியில் வடிவு கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். கிழித்த காகிதம் நான்காக மடித்து அலமாரியில் இருந்தது. முத்துமாரி சுவரோரமாக உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு ஏற்ற உயரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"மன்னிச்சுக்கோ வடிவு. தெரியாம நடந்துபோச்சு" என்றாள் சாவித்திரி.

"எது தெரியாம? செவுத்துக்குப் போனதா, இல்ல இவ பேர அடிச்சதா?"

சாவித்திரி பதில் சொல்ல வாயெடுத்தாள். வடிவு விடவில்லை.

"எனக்குப் படிக்க வராது மேடம். இவதான் படிச்சுக் காட்டினா. செவுத்து முன்னாடி நின்னு, 'வலிப்பு உண்டு'ன்னு இவளே இவளைப் பத்திப் படிக்கிறா. பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. அப்புறம் அந்த 'சரி சார்.' அதையும் படிச்சா." வடிவு அலமாரியில் இருந்த காகிதத்தைக் காட்டினாள். "தண்ணி புடிக்கப் போனா விஜயன் பொண்டாட்டி என்னைப் பாத்து 'த்சொ'ன்னு உச்சுக் கொட்டுறா. இந்த 'த்சொ' வேணாம்னுதானே மூணு வருசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன்?"

"நான் டிரைவர்கிட்ட சொல்லி வைக்கணும்னுதான் எழுதினேன். நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குன்னா அவரு அப்படிச் சொன்னப்ப நீங்க ஏன் சரின்னீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு மணி நேரப் பயணத்தில் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தாள். கிடைக்கவில்லை. "பஸ்ஸுல இருந்தேன்" என்று சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று தெரிந்தது. வடிவு சிரிக்கக்கூட இல்லை.

அந்த நேரத்தில்தான் சாவித்திரியின் போனில் குழுச் செய்தி வந்தது. 'என் மகன் பெயரை எடுத்து விடவும். காத்தவராயன்.' அவ்வளவுதான். அதற்குக் கீழே ஜகந்நாதனின் தனிச் செய்தி உடனேயே விழுந்தது: 'பிரச்சினை தீர்ந்தது. அந்த இடத்தில் வலிப்புப் பெண்ணைப் போட்டுவிடுங்கள். புதிய பட்டியலை இன்றே அனுப்பவும்.'

சாவித்திரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை அங்கிருந்தே கூப்பிட்டாள். "சார், அவ பேரு முத்துமாரி. அப்புறம், காத்தவராயன் ஏன் எடுக்கச் சொல்றார்னு உங்களுக்குத் தெரியுதா? நீங்க எழுதினதைப் படிச்சுத்தான்."

"அவரே விலகிக்கிட்டா நாம என்ன பண்றது? உங்களுக்கு இப்ப ஒரு சீட் கிடைச்சுது இல்ல?"

"எனக்கு வேணாம் சார் இந்த மாதிரி கிடைக்கிற சீட்."

"உங்களுக்கா சாவித்திரி? அந்தப் பொண்ணுக்கு" என்றார் ஜகந்நாதன். அதில் தப்பும் சொல்ல முடியவில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

போனை வைத்தபோது முத்துமாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ரோஹித்தோட சீட்டு" என்றாள் மெதுவாக.

காத்தவராயன் இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார். வெள்ளையடிக்கும் வேலை, காதோரத்தில் சுண்ணாம்புத் துளி காய்ந்திருந்தது. சாவித்திரியைக் கண்டதும் எழுந்து நாற்காலியைப் போட்டார். திட்டுவார் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த மரியாதை இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க எழுதினது பொய் இல்லம்மா. எட்டு மாசத்துக்கு முன்னாடி உண்மை" என்றார்.

"நான் எழுதலை. நான் கொடுக்கலாம்னுதான் எழுதினேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு எழுதினா என்னம்மா? விட்டுட்டேன்னு எங்கேயும் எழுதலியே? எட்டு மாசம் ஒரு சொட்டுத் தொடல. கேம்ப்ப இடிச்ச அன்னிக்குக்கூடத் தொடல. இங்க புது எடம், யாருக்கும் என்னைத் தெரியாது, நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்." அவர் கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "என் பையன் அதைப் படிக்கல. அவனுக்குத் தமிழ் வேகமா வராது. ஆனா அந்த வேன்ல ஏறினா பக்கத்துல உக்கார்ற பசங்க சொல்லிடுவாங்க. தினமும் போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி. அத்தனை நேரம் அவன் அதைக் கேக்கணுமா?"

"நான் குழுவுல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். நாங்க எழுதினது தப்புன்னு போடறேன்."

"போட்டா, படிக்காதவனும் என்னா ஏதுன்னு கேட்டுப் படிப்பான். விடுங்கம்மா."

அன்று மாலை திரும்பும் வழியில் பாத்லி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாவித்திரி குழுவில் ஒரு செய்தி தட்டினாள். ஃபைல் இல்லை, இணைப்பு இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் நம்பிச் சொன்னதை வெளியே போகும்படி விட்டது தன் தவறு, சுவர்ப் படத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதினாள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஏழெட்டுப் பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். ஜகந்நாதன் தனியாக, 'இது தேவையில்லாதது' என்று எழுதினார். திங்கட்கிழமை கூட்டத்தில், இனி விண்ணப்பங்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஃபைலில் குறிப்பாக எழுத வேண்டாம், நேரில் பேசலாம் என்று சொன்னாள். கூட்டத்தில் பாதிப் பேர் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

காலியான இடம் முத்துமாரிக்கே வந்தது; ஆனால் அவளை அந்த வேனில் அனுப்ப மாட்டேன் என்று வடிவு மூன்று நாள் பிடிவாதமாக இருந்தாள். போகும் வழியெல்லாம் இவள் எப்போது விழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்பது அவள் வாதம். கடைசியில் போகிறேன் என்றது மகள்தான்.

வேன் புறப்பட்ட முதல் நாள் காலை ஐந்தரைக்குச் சாவித்திரி டாக்ஸி பிடித்து நரேலாவுக்குப் போயிருந்தாள். டிரைவர் சோனிபத்துக்காரர், பெரிய மீசை. அவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது, வடிவைக் கேட்டுவிட்டுச் சொல்வதா, சொல்லாமலே விடுவதா என்று அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, முத்துமாரி பையோடு முன்கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"பையா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு இந்தியில் சொன்னாள். எனக்கு எப்போதாவது வலிப்பு வரும். வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அம்மாவுக்கும் போன் பண்ணுங்கள். கிளாஸில் ஒரு பாடத்தை ஒப்பிப்பதுபோல், நிறுத்தாமல், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"டீக் ஹை பேட்டா" என்று தலையாட்டிச் சம்மதித்தார் டிரைவர். நம்பரை வாங்கிக் குறித்துக்கொண்டார். வடிவு தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சாந்தகுமாரி ஜன்னலோர இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரோஹித் அந்த வாரமே பக்கத்திலிருந்த இந்திப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். சாவித்திரி அதற்குப் பிறகும் இரண்டு தடவை காத்தவராயன் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். பையனை அனுப்பச் சம்மதிக்கவில்லை.